ரவுடி வேஷம் கட்டிப் பிழைக்க முடியுமா? டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சினிமாவுக்குக் கிளம்பும் பையன்களில் "ஹீரோவாகத்தான் நடிப்பேன்" என்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். "ஒரு கேங்ஸ்டர் கேரக்டர் பண்ணணும்ணே" என்றுதான் வருகிறார்கள். நாடகப் பயிற்சியிலும் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்பட்டவை கீழே இருக்கின்றன. பதில்களில் என் சாய்வு தெரியும். அது என்னவென்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரவுடியாக நடிப்பவன் கதாநாயகனுக்காக உழைக்கிறவன். அவன் கனத்தால்தான் ஜெயிப்பவனுக்கு மதிப்பு. இது புரியாமல் மீசையை மட்டும் முறுக்கிக்கொண்டு போகிறவர்கள் சீக்கிரமே ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

ரவுடியா நடிக்கிறவர்னா வில்லன்தானே?

எப்போதும் இல்லை. திரையில் ஒரு கும்பல் வந்து நின்றால், அதில் பல தினுசு ஆட்கள் கலந்திருப்பார்கள். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் மெயின் வில்லன். அவர் காதோரம் குனிந்து சேதி சொல்கிறவர், பணம் எண்ணுகிறவர், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் துரோகம் செய்கிறவர் எல்லாரும் கேரக்டர் ஆர்ட்டிஸ்டுகள். அருவாளோடு ஓடிவந்து அடிவாங்கிப் பறக்கிறவர்கள் ஸ்டன்ட் யூனியனின் ஃபைட்டர்கள். அதற்கும் பின்னால் கூட்டம் காட்ட நிற்பவர்கள் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள். உள்ளே போகும் வழி, சம்பளம், சங்கம் எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு. நான் இங்கே பேசுவது பெரும்பாலும் அந்தக் காதோரம் குனிகிறவரைப் பற்றி.

நம்ம பக்கத்திலேர்ந்து யாராவது பேர் வாங்கியிருக்காங்களா?

எஸ்.ஏ. அசோகன். முக்கொம்பில் காவிரி பிரிகிற திருச்சியை டெல்டாவின் தலைவாசல் என்று ஒத்துக்கொண்டால், அவர் நம்மவர். திருச்சியில் பிறந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். எம்.ஜி.ஆர். படங்களில் அடிவாங்கியே பெயர் எடுத்தார் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். அது அநியாயம்.

1964-ல் வந்த 'கர்ணன்' படத்தில் அவர்தான் துரியோதனன். சிவாஜி எதிரில் நிற்கிறார் என்பதற்காக அவர் குரலை உயர்த்திப் போட்டிக்குப் போகவில்லை. நண்பன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஓர் அரசனாக நின்றார். வில்லன் என்று நாம் முத்திரை குத்திய முகத்தில் அவ்வளவு பாசம். 1969-ல் 'அடிமைப் பெண்' படத்தில் ஒற்றைக்காலோடு வந்து எம்.ஜி.ஆருடன் மோதினார். 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் விஞ்ஞானி பைரவன். இடையில் 1966-ல் 'அன்பே வா' படத்தில் அடிதடிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வந்து போனார்.

அவருடைய இழுத்துப் பேசும் தோரணையை மிமிக்ரிக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். கைதட்டலும் வாங்குகிறார்கள். ஆனால் அந்த இழுப்பில் கதாநாயகன் மூச்சு வாங்க நேரம் கிடைத்தது என்பதைக் கவனித்தால் அது வேறு மாதிரித் தெரியும். எதிராளிக்கு இடம் விட்டு நடித்த மனிதர் அவர். 1982-ல் இறந்தார். மகன் வின்சென்ட் அசோகனும் வில்லன் வேடங்களில் வந்தார்.

அந்தக் காலத்து வில்லனுக்கும் இப்போ வர்ற கேங்ஸ்டருக்கும் என்ன வித்தியாசம்?

பழைய வில்லனுக்கு ஒரு பங்களா, ஒரு கொள்ளைக்கூட்ட மறைவிடம், ஒரு கடத்தல் பெட்டி போதும். அவன் ஏன் அப்படி ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. 1987-ல் 'நாயகன்' வந்தபோது தாதாவே கதாநாயகன் ஆனார். இதன் விளைவு வேலை தேடும் நடிகனுக்கு முக்கியம். தாதா நடுவில் உட்கார்ந்ததும், அவரைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும், குடும்பமும், கோபமும் தேவைப்பட்டன.

1995-ல் 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனியாக ரகுவரன் வந்தார். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல், அவசரமே இல்லாத பேச்சு. ரஜினிக்கு எதிரில் உடம்பைக் காட்டி நிற்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2006-ல் 'புதுப்பேட்டை'யில் பாலா சிங் செய்த அன்பு பாத்திரத்தைப் பாருங்கள். ஒரு பையன் ரவுடித் தொழிலைக் கற்றுக்கொள்வது அந்த மனிதரிடம்தான். 2018-ன் 'வடசென்னை'யில் கிஷோர், சமுத்திரக்கனி, டேனியல் பாலாஜி, அமீர் என்று ஒரே படத்தில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு! பழைய படத்தில் இவர்களில் மூன்று பேர் வசனமே இல்லாமல் ஓரமாக நின்றிருப்பார்கள்.

முகம் கரடுமுரடா இருந்தாத்தான் கூப்பிடுவாங்களா?

முதல் தடவை முகத்துக்காகக் கூப்பிடலாம். இரண்டாம் தடவை அப்படிக் கூப்பிடமாட்டார்கள். டேனியல் பாலாஜிக்கு இருந்தது அமைதியான, படித்த பையனின் முகம். 2006-ல் 'வேட்டையாடு விளையாடு' அமுதனாக அந்த முகத்தை வைத்தே அவர் குலை நடுங்க வைத்தார். 2024-ல், 48 வயதில் இறந்துபோனார். இந்தத் தலைமுறை வில்லன்களில் எனக்கு அதிகம் பிடித்தவர் அவர்.

எங்கே கத்துக்கிறது? சென்னைக்குப் போயே ஆகணுமா?

'கூத்துப்பட்டறை' என்ற நாடகக் குழுவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977-ல் அதைத் தொடங்கிய ந. முத்துசாமி மயிலாடுதுறைப் பக்கத்துப் புஞ்சை கிராமத்துக்காரர். நம் ஊர் ஆட்களுக்கே இது தெரியவில்லை என்பது எனக்கு ஒரு குறை. தெருக்கூத்தின் உடம்பு மொழியை நவீன நாடகத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2018-ல் காலமானார். அங்கே பயின்றவர்களில் பசுபதி, குரு சோமசுந்தரம், கலைராணி, விமல், விதார்த் உண்டு. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போய், நடிகர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். அப்படிப் போனவர்தான் 2021-ல் 'மாஸ்டர்' பவானியாகவும், 2022-ல் 'விக்ரம்' சந்தனமாகவும் வந்தார்.

தஞ்சாவூரில் 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. சே. இராமானுஜம், மு. ராமசாமி போன்றவர்கள் இருந்த இடம். மு. ராமசாமியைப் பின்னாளில் 'கே.டி. என்கிற கருப்புதுரை' படத்தில் பெரியவர் கருப்புதுரையாகப் பார்த்திருப்பீர்கள். தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரி இன்னொரு வழி. அங்கே சேருகிறவர்கள் பெரும்பாலும் கேமரா, எடிட்டிங், இயக்கம் கற்க வருகிறவர்கள். ஆனால் நாளைய இயக்குநர்கள் எடுக்கும் பயிற்சிப் படங்களுக்கு நடிகர்கள் வேண்டும். அவற்றில் சும்மா நடித்துக் கொடுத்தவர்கள் வீணாய்ப் போனதில்லை.

"ஒரு வாரத்தில் வில்லன் நடிப்பு" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம்.

ஊரிலேயே பார்த்துக் கத்துக்க ஏதாவது இருக்கா?

இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூருக்குப் போங்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம் நடக்கும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்கள், வேடதாரிகள் எல்லாரும் ஆண்கள். 'பிரகலாத சரித்திர'த்தில் இரணியனைப் பாருங்கள். தெலுங்கு புரியாவிட்டாலும் பரவாயில்லை. சாலியமங்கலத்திலும் பாகவத மேளா உண்டு.

இரணியன்தான் நம் மண்ணின் பழைய தாதா என்பேன். மூன்று உலகையும் மிரட்டுகிறான், தன் பெயரைத் தவிர வேறு பெயர் கேட்கக் கூடாது என்கிறான். ஆனால் நாடகம் முழுக்க அவனை ஆட்டிவைப்பது என்ன? ஒரு சின்னப் பையன், அதுவும் பெற்ற பிள்ளை. கொஞ்சுகிறான், கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், கடைசியில் கொல்லச் சொல்கிறான். அந்தக் கொஞ்சல் சரியாக வராத இரணியனுக்குப் பின்னால் வரும் கோபமும் பொய்யாகத் தெரியும். கேங்ஸ்டர் வேஷத்துக்கு ஒத்திகை பார்க்கிறவர்கள் கோபத்தையே பயிற்சி செய்கிறார்கள். வீட்டில் அந்த ஆள் எப்படி இருப்பான் என்று யோசிப்பதில்லை.

நரசிம்ம முகமூடி அணிகிறவர் விரதமிருந்து அதைச் சூடுகிறார். இரணியனுக்கு அந்தக் காப்பு இல்லை. அவர் தன் குரலையும் காலையும் நம்பித்தான் விடியும்வரை நிற்க வேண்டும்.

நம்ம பேச்சு சினிமாவுக்குச் சரிப்படுமா? மதுரை பாஷை, மெட்ராஸ் பாஷை கத்துக்கணுமா?

கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுடையதைத் தொலைக்காதீர்கள். மதுரைப் பேச்சை மதுரைக்காரன் உங்களைவிட நன்றாகப் பேசுவான். டெல்டாக்காரனின் மிரட்டலில் சத்தம் இருக்காது. "வாங்க தம்பி, உட்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்று ஆரம்பிக்கும். இலை போட்டுப் பரிமாறி, "அந்த வாய்க்கா வரப்பு விஷயத்தை விட்டுடுங்களேன்" என்று மோர் ஊற்றும்போது சொல்வார்கள். கேட்டவனுக்குச் சோறு இறங்காது. இந்த மாதிரி ஒரு காட்சியை ஆடிஷனில் செய்து காட்டுங்கள். அங்கே வரிசையில் நிற்கும் பெரும்பாலோர் கத்திக்கொண்டிருப்பார்கள்.

அப்படின்னா டெல்டாவை வச்சு ஏன் கேங்ஸ்டர் படம் அதிகம் வர்றதில்லை?

கேங்ஸ்டர் கதைக்குத் துறைமுகம், மார்க்கெட், நெருக்கமான சந்து, ஜெயில் என்று நகரம் வேண்டும். இங்கே வன்முறை நிலத்தையும் தண்ணீரையும் கூலியையும் சுற்றியே இருந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த மாதிரி வன்முறைக்கு ஸ்லோ மோஷன் நடையும் பின்னணி இசையும் பொருந்தாது, பொருத்தவும் கூடாது.

பண்ணையார் வீட்டு அடியாள் வேடம் ஒரு நாள் உங்களுக்கு வரலாம். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவனை அழகாக்கிக் காட்டச் சொன்னால் இயக்குநரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். அவனும் பெரும்பாலும் கூலிக்கு வந்தவன்தான், யாருடைய சோற்றைத் தின்கிறான் என்ற கணக்கு அவனுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நடிப்பதற்கு அதுவே போதுமான சரக்கு.

சண்டைக் காட்சியில நிஜமாவே அடி விழுமா?

விழக் கூடாது. விழுந்தால் யாரோ கவுண்ட்டைத் தவறவிட்டார்கள் என்று அர்த்தம். மாஸ்டர் எண்ணிக்கை சொல்லிக் கொடுப்பார். கை வீசுகிறவரின் முஷ்டிக்கும் உங்கள் தாடைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். கேமரா ஒருவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது அந்த இடைவெளி தெரியாது. தூரத்தில் வைத்து நீள லென்ஸ் போட்டால் முன்னும் பின்னும் ஒட்டிப்போய் இன்னும் நெருக்கமாகத் தெரியும். அடியை அடியாக்குவது உங்கள் கழுத்துதான். கை கடந்த அதே கணத்தில் தலை திரும்ப வேண்டும். முன்னாலேயே திரும்பினால் சிரிப்பார்கள், தாமதித்தால் அடி விழுந்த மாதிரியே இருக்காது. 'டப்' என்ற சத்தம் பிற்பாடு ஒலிக்கூடத்தில் சேர்ப்பது.

அருவாள் பெரும்பாலும் ரப்பரோ ஃபைபரோதான். ஆனாலும் ஓரம் கண்ணில் பட்டால் பட்டதுதான். பறந்து விழுகிற வேலையை ஃபைட்டர்களிடம் விட்டுவிடுங்கள். "நானே பண்றேன் மாஸ்டர்" என்று வீரம் காட்டிய கேரக்டர் ஆர்ட்டிஸ்டுகள் கணுக்காலில் கட்டுப் போட்டு, மிச்சக் கால்ஷீட்டை இழந்திருக்கிறார்கள். கபடியும் சிலம்பமும் தெரிந்த பையன்களுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. விழத் தெரிந்திருக்கும்.

வாய்ப்புக்குப் பணம் கேக்கறாங்க. கொடுக்கலாமா?

கூடாது. ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம், போட்டோ ஷூட் கட்டணம், "நடிகர் சங்க கார்டு எடுத்துத் தர்றேன்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கூடாது. நடிக்கிறவனுக்குத்தான் பணம் தர வேண்டும். நெல் வித்த காசு வரும் மாதங்களில் இப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் லாட்ஜ் எடுத்து "ஆடிஷன்" நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று போட்டோ, ஒரு நிமிட வீடியோ, உயரம், வயது, பேசும் வட்டார வழக்கு: இவ்வளவுதான் படங்களுக்கு நடிகர்களைப் பிடித்துத் தரும் உண்மையான கோஆர்டினேட்டர் கேட்பார். வீடியோவில் கத்தி, சுருட்டு, கறுப்புக் கண்ணாடி வேண்டாம். வெள்ளைச் சட்டை போதும்.

சம்பளம் எப்படி இருக்கும்?

தொகை ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் மாறும். அதனால் எண் சொல்லமாட்டேன். முறையைச் சொல்கிறேன். பெயர் வாங்கும்வரை நாள் கணக்குதான், கூடவே பேட்டா. அட்வான்ஸ் கொடுத்து ஆரம்பிப்பார்கள். பாக்கியை டப்பிங்குக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும் என்பது கோடம்பாக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். குரல் கொடுத்த பிறகு உங்கள் கையில் பிடிமானம் ஒன்றும் இருக்காது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வருமான வரிக்காக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பான் கார்டு கொடுத்து, வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டால், உங்களுக்கு அவ்வளவு வரி இல்லாதபட்சத்தில் அது திரும்ப வரும். பலர் இதைச் செய்வதே இல்லை.

யாரும் சொல்லாத ஒரு நஷ்டம், தாடி. ஒரு படத்துக்கு வளர்த்த தாடியை அந்தப் படம் முடியும்வரை எடுக்க முடியாது. படம் இழுத்துக்கொண்டே போனால், நடுவில் மழித்த முகம் கேட்டு வருகிற வேலையெல்லாம் போச்சு. கதையில் முதல் பாதியிலேயே செத்துவிடுகிற ரவுடிக்குச் சம்பளம் குறைவுதான், ஆனால் தாடி சீக்கிரம் விடுதலையாகும்.

ஒருதடவை ரவுடின்னா காலம் பூரா ரவுடிதானா?

இது நிஜமான பயம். முத்திரை விழுவது முதல் ஐந்து வருஷம் சோறு போடும், பிறகு கழுத்தைப் பிடிக்கும். தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று பாருங்கள்.

பசுபதி 2004-ல் 'விருமாண்டி'யில் கொத்தாளத் தேவர். மறு வருஷம் 'திருப்பாச்சி'யில் பட்டாசு பாலு. அதே வேகத்தில் ரவுடியாகவே போயிருந்தால் முடிந்திருக்கும். 2006-ல் 'வெயில்' படத்தில் தோற்றுப்போன ஒரு மகனாக நின்றார். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை'யின் ரங்கன் வாத்தியார். மொட்டை ராஜேந்திரன் பல காலம் ஸ்டன்ட்டில் இருந்து, 2009-ல் 'நான் கடவுள்' தாண்டவனாக மிரட்டி, அப்புறம் அதே குரலை வைத்துச் சிரிக்க வைத்தார். ஆர்.எஸ். மனோகர் வேறு வழி பிடித்தார். திரையில் வில்லனாகச் சம்பாதித்து, மேடையில் 'இலங்கேஸ்வரன்' என்று ராவணனையே நாயகனாக்கினார்.

மூவரிடமும் பொதுவாக இருப்பது, சினிமா கூப்பிடாத நாட்களிலும் கையில் ஒரு தொழில் இருந்தது. ஒருவருக்கு நாடகப் பயிற்சி, ஒருவருக்கு ஸ்டன்ட், ஒருவருக்குச் சொந்த நாடகக் குழு.

பெண்கள் இந்த வேடத்துக்கு வரலாமா?

தாராளமாக. 2003-ல் 'தூள்' படத்தில் தெலங்கானா சகுந்தலா செய்த சொர்ணாக்காவை இன்னும் யாரும் மறக்கவில்லை. அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. நாற்று நடவுக்கு ஆள் திரட்டி, வரப்பில் நின்று வேலை வாங்கும் நம் ஊர் அக்காக்களின் அதட்டலை எந்த நடிப்புப் பள்ளியும் சொல்லிக்கொடுக்க முடியாது.

வீட்ல பொண்ணு தரமாட்டேங்கறாங்களே?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நடிகர் என்பதற்காக மறுக்கிறார்களா, மாதச் சம்பளம் இல்லை என்பதற்காகவா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். அம்மாவை முதல் காட்சிக்குக் கூட்டிப் போகும்போது, நீங்கள் எந்தக் காட்சியில் சாகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தியேட்டரில் அழுதுவிடுவார்கள்.

எனக்கு நாற்பத்தைந்து வயசு. இனிமே போகலாமா?

ரவுடி வேடத்துக்கு வயது பாக்கியம். இருபத்தைந்தில் அடியாள், நாற்பத்தைந்தில் அடியாளை அனுப்புகிறவர். ஆனால் இருக்கிற நாலு மா நிலத்தை விற்றுவிட்டுப் போகாதீர்கள். மன்னை, உழவன் என்று ராத்திரி ரயில் இருக்கிறது, விடியலில் சென்னையில் இறங்கலாம். பகலில் வேண்டுமானால் சோழன். கூப்பிட்டால் போங்கள், வேலை முடிந்ததும் திரும்புங்கள். சென்னையில் அறை எடுத்துக் காத்திருப்பது அறையை வாடகைக்கு விடுகிறவருக்குத்தான் லாபம். சம்பா அறுவடை முடிந்த கையோடு கோயில் திருவிழாக்கள் வரும். எந்த ஊரில் நாடகம் போடுகிறார்கள் என்று விசாரித்து, அதில் வசனம் குறைவான கெட்டவன் வேடமாகப் பார்த்துக் கேளுங்கள்.